மண்ணுக்குள் கிடந்த ரீல்களை எப்படித் திறந்தார்கள், பரண் மேல் இருக்கும் டப்பாவை எப்படித் திறக்கக் கூடாது

கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 49 வருஷம் மண்ணுக்கடியில் கிடந்த ஊமைப்பட ரீல்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்களாமே, அது எப்படிச் சாத்தியம்? எங்கள் தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர், பரணில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஏழெட்டு டப்பா, மூடியெல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கிறது, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும் என்கிறார் மாமா, வைக்கலாமா?

வெயிலில் வைக்காதீர்கள். மற்றதை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் மாமாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அடுப்பு பக்கத்திலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். உள்ளே இருப்பது நைட்ரேட் பிலிமாக (அந்தக் காலத்தில் சினிமாவுக்குப் பயன்பட்ட, சட்டென்று தீப்பிடிக்கும் ரகம்) இருந்து, அது பாதி கெட்டும் போயிருந்தால், 41 டிகிரி சூட்டில் சில நாள் தொடர்ந்து கிடந்தாலே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே சோதித்துப் பார்த்துக் கண்ட விஷயம் இது. நம்மூர் மே மாதத்தில் மொட்டை மாடியில் மூடிக் கிடக்கும் தகர டப்பாவுக்குள் அந்தச் சூடு காலையிலேயே வந்துவிடும்.

சரி, இப்போது கனடா கதைக்கு வருகிறேன். கதையாகவும் நன்றாக இருக்கும், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

ஊர் பெயர் டாசன் சிட்டி, வடமேற்குக் கனடாவின் யூகான் பகுதியில் இருக்கிறது. 1896-ல் அங்கே ஓடையில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, இரண்டே வருஷத்தில் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள், தங்கம் வேறு இடத்தில் கிடைக்கிறது என்றதும் வந்த வேகத்திலேயே கிளம்பியும் போனார்கள். மிச்சமிருந்த சில நூறு குடும்பங்களுக்கும் சினிமா வேண்டியிருந்தது. ஆனால் படச் சுற்றின் கடைசி ஊர் அதுதான். ஒரு படம் மற்ற ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து டாசனுக்கு வந்து சேர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்கு மேல் அனுப்ப ஊர் இல்லை, திருப்பி அனுப்பினால் கப்பல் கூலிக்குக்கூட அந்தப் பிரின்ட் பெறாது. அதனால் கம்பெனிகள் திருப்பிக் கேட்கவே இல்லை. அவர்கள் சார்பில் ரீல்களைப் பொறுப்பாக வைத்திருந்தது ஊரில் இருந்த வங்கிக் கிளை. வங்கிக்காரர்கள் ரீல்களைப் பொது நூலகத்தின் நிலவறையில் அடுக்கி வைத்தார்கள். புத்தகத்துக்கு அடியில் நைட்ரேட்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

1929-ல் நிலவறை நிரம்பிவிட்டது. பேசும் படம் வேறு வந்துவிட்டது, ஊமைப் படத்தை இனி யார் கேட்கப் போகிறார்கள்? நிறைய ரீல்களை யூகான் ஆற்றில் கொட்டினார்கள், நிறைய எரித்தார்கள். மிச்சத்தை என்ன செய்வது என்று யோசித்தவர் கிளிஃபர்ட் தாம்சன் என்ற வங்கிக்காரர். அவரே ஊர் ஹாக்கி சங்கத்தின் பொருளாளரும்கூட. ஊர் விளையாட்டுக் கழகக் கட்டடத்துக்குள் ஒரு நீச்சல் குளம் இருந்தது. குளிர்காலத்தில் அதன் மேல் பலகை போட்டு, தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, பனிச்சறுக்கு ஹாக்கி ஆடுவார்கள். அடியில் குளம் பள்ளமாகக் கிடந்ததால் நடுவில் மட்டும் பனி சமமாக உறையாது, ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார் மனுஷன். ரீல்களை எல்லாம் குளத்துக்குள் கொட்டி நிரப்பி, மேலே பலகையும் மண்ணும் போட்டு மூடிவிட்டார். குப்பை ஒழிந்தது, மைதானமும் சமமானது.

இதைக் காலப்பெட்டி (டைம் கேப்சூல்) என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பிற்காலத்துக்காக யாரும் வைத்ததில்லை, பள்ளம் நிரப்பியதுதான். ஆனால் காலப்பெட்டி செய்கிறோம் என்று திட்டம் போட்டு வைத்தவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

1978-ல் அதே இடத்தில் புதிய பொழுதுபோக்கு மையம் கட்ட மண் தோண்டினார்கள். தோண்டும் இயந்திரத்தின் வாளியில் மண்ணோடு பிலிம் சுருள் சுருளாக வந்தது. நல்லவேளை, அதை லாரியில் ஏற்றிக் கொட்டிவிடாமல் வேலையை நிறுத்திச் சொல்லி அனுப்பினார்கள். பூங்காத் துறையில் இருந்த மைக்கேல் கேட்ஸ், ஊர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட கேத்தி ஜோன்ஸ், தலைநகர் ஆட்டவாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நடத்திய சாம் குலா, இந்த மூன்று பேரும்தான் அதைக் காப்பாற்றினார்கள். கடைசியில் தேறியது 533 ரீல், 372 தலைப்புகள். அமெரிக்க ஊமைக் கதைப் படங்களில் மூலப் பிரதியாக முழுசாக மிஞ்சியிருப்பது 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு நீச்சல் குளத்திலிருந்து 372 தலைப்பு என்பது புதையல்தான்.

எப்படிப் பிழைத்தது? குளிர். வேறு எதுவும் இல்லை. அந்த ஊர் மண் கொஞ்சம் ஆழத்துக்குக் கீழே வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நைட்ரேட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். சின்ன வயதில் உடைந்த பிங்பாங் பந்தைக் கொளுத்தியிருக்கிறீர்களா? 'ஸ்ஸ்' என்று ஒரே சீறலில் காணாமல் போகும். அது செல்லுலாய்டு. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் ஊற வைத்துச் செய்வதுதான் அடிப்படைச் சரக்கு, துப்பாக்கி மருந்துக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1951, 52 வரைக்கும் உலகத்தில் ஓடிய 35 எம்எம் சினிமா பெரும்பாலும் இதன் மேல்தான் ஓடியது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் ஒரு முறை பற்றினால் மண்ணைப் போட்டு மூடினாலும் அணையாது, தண்ணீருக்குள் முக்கினாலும் எரிந்துகொண்டே போகும். வருகிற பழுப்புப் புகையை மூச்சில் இழுத்தால் நுரையீரல் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும். பழைய தியேட்டர்களில் ஆபரேட்டர் கேபின் ஏன் அவ்வளவு தடிமன் சுவரோடு, சின்ன ஓட்டையோடு, ஓட்டைக்கு இரும்புத் தட்டி வைத்துக் கட்டப்பட்டிருக்கும் என்று இப்போது விளங்கும்.

தீ ஒரு பக்கம். அதைவிடப் பொறுமையாக வேலை செய்யும் எதிரி ஒன்று உண்டு, அது பிலிமுக்குள்ளேயே இருக்கிறது. நைட்ரேட் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும், சிதையும்போது அமில வாயு வரும், அந்த வாயு வெளியே போக வழியில்லாவிட்டால் பக்கத்துச் சுற்றையும் அரிக்கும், அதிலிருந்து இன்னும் வாயு. முதலில் படம் மஞ்சளித்து மங்கும். அப்புறம் பிசுபிசுப்பாகிச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தேன் மாதிரி குமிழ் விட்டுக் கசியும். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக இறுகும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புப் பொடிதான். குளிர் இந்த ஓட்டத்தை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான், நிறுத்துவதில்லை.

அதனால்தான் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் பிலிம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை தப்பு. நியூயார்க்கில் 1939 உலகக் கண்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி ஒரு காலப்பெட்டியைப் புதைத்தது, 6939-ல் திறக்க வேண்டுமாம். தாமிரக் கலவையில் குண்டு மாதிரி உறை, உள்ளே கண்ணாடிக் குழாய், அதில் நைட்ரஜன் நிரப்பி, மைக்ரோ பிலிமும் ஒரு செய்திப்பட ரீலும் வைத்திருக்கிறார்கள். நைட்ரேட் இல்லை, எரியாத அசிடேட்தான். ஆனால் அசிடேட்டும் தனக்குள்ளிருந்தே அமிலம் விடும் ஜாதிதான். இவ்வளவு செலவு செய்து அந்த அமிலத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்களோ என்பது என் சந்தேகம். டாசன்காரர்கள் செலவே இல்லாமல் உறைந்த மண்ணில் கொட்டினார்கள்.

இனி, திறந்த கதை. உறைந்து கிடந்தவரைக்கும் பிலிமுக்கு ஆபத்து குறைவு, வெளியே எடுத்த நிமிஷத்தில்தான் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பனி உருகித் தண்ணீர் சுருளுக்குள் இறங்கியது. பிலிமில் படம் இருப்பது ஜெலட்டின் பூச்சில், மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற சமாச்சாரம், தண்ணீர் பட்டால் ஊறி வழுக்கிக்கொண்டு போகும். நனைந்த ஓரங்களில் பூச்சு கரைந்துவிட்டது. டாசன் படங்களை இன்று பார்த்தால் பிரேமின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக அலை அலையாக ஏதோ துடித்துக்கொண்டே இருக்கும், அது இந்தத் தண்ணீர் வேலை. விவரம் தெரிந்தவர்கள் அந்தத் துடிப்பைப் பார்த்ததுமே இது டாசன் ரீல் என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் அவர்கள் செய்த முதல் காரியம், மறுபடியும் குளிருக்குள் வைத்தது. எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. அடுத்த சிக்கல் ஆட்டவாவுக்குக் கொண்டுபோவது. நைட்ரேட் என்றதும் வண்டிக்காரர்கள், விமானக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள், கடைசியில் கனடா ராணுவ விமானத்தில் போனது. அங்கே ஒவ்வொரு ரீலாகக் கழுவி, மெதுவாகக் காயவைத்து, எரியாத பிலிமில் நகல் எடுத்தார்கள். அமெரிக்கப் படங்கள் பிறகு வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. சில ரீல்கள் ஒரு தடவைதான் இயந்திரத்தின் வழியாகப் போகத் தாங்கும், அந்த ஒரு தடவையும் நகல் எடுக்கவே என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். திரையில் போட்டுப் பார்ப்பது நகலை வைத்து.

நான் கோடம்பாக்கத்தில் லேபில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட விதம் அசிங்கமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தயாரிப்பாளர் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்த அசிடேட் ரீல் ஒன்று நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர் அவசரப்படுத்தினார், நானும் ரீவைண்டரில் மாட்டிக் கொஞ்சம் பலமாகச் சுற்றினேன். கிர்ர் என்று ஒரு சத்தம். கீழ்ச் சுற்றின் பூச்சு மேல்ச் சுற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. கையில் கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக் நாடா. கல்யாண ஊர்வலமோ ஏதோ இருந்திருக்கிறது, முதல் பிரேமில் குதிரை ஒன்று தெரிந்தது, அடுத்து ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது உங்கள் டப்பாவுக்கு வருவோம். திறக்குமுன் வெளியிலிருந்தே நிறையக் கண்டுபிடிக்கலாம். டூரிங் டாக்கீஸ்களில் 16 எம்எம்மும் ஓடியது, 35-ம் ஓடியது. டப்பா பெயர்ப் பட்டையில் 16 என்று இருந்தால் பாதி நிம்மதி, ஏனென்றால் 16 எம்எம் வந்த நாளிலிருந்தே எரியாத பிலிமில்தான் வந்தது. 35 எம்எம், அதுவும் 1952-க்கு முந்தைய படம் என்றால் நைட்ரேட் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள், இல்லை என்று தெரியும்வரை. அப்புறம் மூக்கு. டப்பாவின் விளிம்பில் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் வாடை அடித்தால் அசிடேட், கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூக்கைக் குத்துகிற, துவைக்காத சாக்ஸ் மாதிரியான நெடி என்றால் நைட்ரேட் கெட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டையும் குனிந்து ஆழமாக இழுத்துப் பார்க்க வேண்டாம். இணையத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கும், அதைச் செய்யாதீர்கள்.

(வினிகர் வாடை என்றதும் ஒரு சின்ன விஷயம். அசிடேட் இப்படிக் கெடும் என்று கோடாக் கம்பெனிக்கு முதலில் தெரியவந்ததே நம் நாட்டிலிருந்துதான், 1950-களில் இந்திய அரசின் பிலிம்கள் சூட்டிலும் புழுக்கத்திலும் கெட்டுப்போய்ப் புகார் போனது. அவர்கள் ஊர்க் குளிரில் பல வருஷம் எடுப்பது நம் பரணில் சீக்கிரமே நடந்துவிட்டது.)

திறப்பதென்றால் வெளியே, நிழலில், காற்று வரும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒரு டப்பா. மற்ற டப்பாக்கள் தள்ளி இருக்கட்டும். அடுத்த வீட்டில் பீடி குடிப்பவர் இருந்தால் அவரையும் சேர்த்துத் தள்ளி வையுங்கள். சுத்தியல், உளி, தீப்பொறி வருகிற எதுவும் கூடாது. துருப்பிடித்த விளிம்பில் மொண்ணையான பிளாஸ்டிக் அல்லது மரத் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள், ஒரே பக்கம் நெம்பினால் மூடி தெறித்துப் பிலிமில் விழும். ரப்பர் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், அடைபட்ட வாயு போகட்டும்.

உள்ளே சுருள் வறண்டு, தனித்தனிச் சுற்றாகத் தெரிந்தால், வெளிச் சுற்றில் ஒரு அடி மட்டும் பிரித்து ஓரத்தைப் பாருங்கள். துளைகளுக்குப் பக்கத்தில் மிகச் சின்னதாக நைட்ரேட் அல்லது சேஃப்டி (எரியாத பிலிம்) என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். ஒரு எச்சரிக்கை, நைட்ரேட் நெகடிவிலிருந்து நகல் எடுத்தபோது அந்த எழுத்தும் நகலாகி அசிடேட்டில் வந்திருக்கலாம், அப்போது இரண்டு சொல்லும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். கோடாக் பிலிமாக இருந்தால் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும், அவை வருஷக் குறிகள். 20 வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். வட்டம் என்றால் 1916, 1936, 1956, 1976 இந்த நாலில் ஒன்று, மிச்சத்தைப் படத்தை வைத்து ஊகிக்க வேண்டும். தாத்தா கட்டிய முடிச்சு, பென்சில் குறி, ஒட்டு இவற்றையெல்லாம் தொடாதீர்கள்.

பிசுபிசுப்பு, குமிழ், பொடி எது தெரிந்தாலும் மூடியை இறுக்காமல் மேலே சும்மா வைத்துவிட்டு, வீட்டுக்குள் கொண்டுபோகாமல், தீயணைப்பு நிலையத்திடம் சொல்லிவிடுங்கள். மழையில் நனைந்து இன்னும் ஈரமாக இருக்கும் சுருள் என்றால் தலைகீழ் விதி: காயவிடாதீர்கள். ஈரமாக ஒட்டிய ஜெலட்டின் காய்ந்தால் சுற்றெல்லாம் ஒரே கட்டை. குளிர்ந்த நல்ல தண்ணீரில் முக்கியபடியே ஒன்றிரண்டு நாளுக்குள் விவரம் தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும்.

புரொஜெக்டரில் மட்டும் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். பழைய பிலிம் சுருங்கும். ஒரு சதவீதம் சுருங்கினாலே துளையும் இயந்திரப் பல்லும் ஒத்துப்போகாது, தாத்தாவின் புரொஜெக்டர் ஓடுகிற நிலையில் இருந்தால் இன்னும் மோசம், நன்றாக ஓடி நன்றாகக் கிழிக்கும்.

யாரிடம் கொடுப்பது? புனேயில் 1964-லிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். நைட்ரேட் என்று சந்தேகம் இருந்தால் கூரியரிலோ ரயிலிலோ நீங்களாக அனுப்பக் கூடாது, அபாயச் சரக்கு. அவர்களே வழி சொல்லட்டும். அவர்களுக்கும் இதன் வலி தெரியும், 2003 ஜனவரியில் அங்கே நைட்ரேட் கிடங்கு எரிந்து 600-க்கு மேற்பட்ட படங்களின் ரீல்கள் போயின.

உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டால், ஆசை காட்ட மாட்டேன். நடராஜ முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான 'கீசக வதம்' இன்றுவரை கிடைக்கவில்லை, அது உங்கள் பரணில் இருக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். டூரிங் டாக்கீஸ் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது தேய்ந்த பிரின்டின் நாலாவது ரீல், ஒரு பாட்டுத் துண்டு, படத்துக்கு முன்னால் கட்டாயம் போட வேண்டியிருந்த அரசுச் செய்திப்படம், உள்ளூர்க் கடை விளம்பரம். ஆனால் செய்திப்படம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1919 பேஸ்பால் உலகத் தொடரில் சிகாகோ அணியின் எட்டு பேர் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாகப் பெரிய ஊழல் வெடித்தது, அவர்களுக்கு ஆயுள் தடை. அந்தத் தொடரின் ஆட்டங்கள் நாலு நிமிஷத்துக்கு மேல் டாசன் குளத்துச் செய்திப்படம் ஒன்றில் இருந்தன. 1978-ல் தோண்டி எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை, நகல் அலமாரியில் சும்மா இருந்தது. 2014 ஜனவரியில்தான் பில் மாரிசன் என்ற இயக்குநர் அந்த ரீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அட, இது அந்த ஆட்டமல்லவா என்று கண்டுபிடித்தார். கதைப் படம் எதுவாக இருந்தாலும் வேறு எங்காவது இன்னொரு பிரின்ட் இருக்கலாம், உங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவையோ ஜவுளிக்கடை வாசலையோ யாராவது எடுத்திருந்தால் அதற்கு இரண்டாவது பிரின்டே இருக்காது.

அதுவரைக்கும் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள், ஓட்டுக்கு அடியில்தான் வீட்டிலேயே அதிகச் சூடு. வடக்குப் பக்கச் சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேல், காற்றாட இருக்கட்டும். பாச்சை உருண்டை போடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஏதாவது எழுதியிருந்தால் உரிக்காமல் செல்போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள்.